கவிழ்த்த கை

நான் இங்கிலிஷ் படிக்கப் போகவில்லை. ஜெனோசனின் முகத்துக்கு நேரே இருப்பதற்குத்தான் போனேன். எங்கள் அந்தோனியார் கோயில் மண்டபத்தில் ஞாயிறு பின்னேரங்களில் வகுப்பு நடக்கிறது என்றும், கனடா விசாவுக்காக அவன் அங்கே போகிறான் என்றும் கேள்விப்பட்ட அன்றே பெயர் கொடுத்தேன். அவன் நிம்மதியாகப் படிக்கக்கூடாது. தலை நிமிரும் நேரமெல்லாம் என்னைப் பார்க்க வேண்டும். வேறு எந்த நல்லெண்ணமும் எனக்கு இல்லை.

என் அண்ணன் அல்பேர்ட்டின் வள்ளம் மாசியில், கடலை ஒட்டிய களப்பில் கவிழ்ந்தது. வலை போடுகிற இடத்துக்காக அவனுக்கும் ஜெனோசனுக்கும் வாய்த்தர்க்கம். பிறகு நடந்ததைக் கண்டவர் எவரும் இல்லை. ஜெனோசன் தண்ணீருக்குள் இறங்கி வந்து வள்ளத்தைப் புரட்டிவிட்டான் என்றான் அண்ணன். அல்பேர்ட் குடிவெறியில் எழும்பி நின்று ஆடினான், வள்ளம் தானாகக் கவிழ்ந்து என் வலையையும் கிழித்தது, வலைக்குள் சிக்கிக் கிடந்தவனைக் குதித்துக் காப்பாற்றியதே நான்தான் என்றான் ஜெனோசன். ஊர் ஜெனோசனை நம்பியது. அண்ணன் ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவன்தான். மகள் கோயிலில் முதல் நற்கருணை வாங்கிய அன்றோடு விட்டுவிட்டான். குடித்ததை நினைவில் வைத்திருக்கிற ஊர், விட்டதை வைத்திருக்காது.

அதற்கும் மேலே ஜெனோசனின் தாய் றோசம்மா, மீன்பிடிச் சங்கத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய், அந்தோனியார் சுரூபத்தின் காலில் கை வைத்துச் சத்தியம் செய்தாள். “என்ர பிள்ளை சொன்னது உண்மை. பொய்யெண்டா இந்தக் கை அழுகட்டும்.” அதோடு கதை முடிந்தது. அண்ணன் களப்பில் இறங்கக்கூடாது என்று சங்கம் மறித்தது. அதைப் பற்றிக் கடைசியாக ஒரு ஞாயிறு பூசை முடியக் கூட்டம் வைத்திருந்தார்கள். அந்த மறிப்பை அன்றைக்கு எடுக்காவிட்டால் இனி எப்போதுமே இல்லை. அண்ணனுக்குத் தெரிந்தது அந்தத் தண்ணீர் ஒன்றுதான். வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். எனக்குப் பற்றி எரிந்தது.

றோசம்மாதான் மண்டபத்தைக் கூட்டிக் கதிரை அடுக்குகிறவள். வகுப்பு முடியும்வரை வாசலில் ஓலைப்பெட்டி இழைத்துக்கொண்டு இருப்பாள். மகன் இங்கிலிஷில் வாய் திறந்தால் அவள் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும். என்னைக் கண்டால் மட்டும் பக்கத்து மணலில் துப்புவாள்.

படிப்பித்தவ சப்னா ரீச்சர். முல்லைத்தீவுப் பட்டினத்தில் துணிக்கடை வைத்திருக்கிற மஹ்றூப் நானாவின் மகள். தொண்ணூறில் முஸ்லிம்களை வடக்கிலிருந்து துரத்தினபோது குடும்பம் போய்ச் சேர்ந்த புத்தளம் அகதி முகாமில்தான் பிறந்தவ. ஊருக்குத் திரும்பி வந்த குடும்பம், ஆரோடும் கொழுவல் வேண்டாம் என்று அளந்துதான் கதைப்பா. முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டா: “உங்கட ஊர்ச் சண்டையை வாசலுக்கு வெளியில விட்டிட்டு வாங்கோ, கம்சா.”

வகுப்புக்கு ரீச்சர் வைத்த சட்டங்கள் இவை. ஒவ்வொருவரும் தன் வாழ்க்கையில் உண்மையாக நடந்ததைப் பற்றி ஒரு வசனம் சொல்ல வேண்டும். பக்கத்துக் கதிரைக்காரர் கேள்வி கேட்க வேண்டும். தமிழ் வாயில் வரக்கூடாது. சொல் தெரியாவிட்டால் கையால் காட்டலாம், ரீச்சர் அந்தச் சொல்லை எடுத்துக் கொடுப்பா. பிழையைத் திருத்தியதும் வகுப்பு முழுவதும் சேர்ந்து உரத்துச் சொல்லும்.

கூட்டத்துக்கு முந்தின ஞாயிறு படிப்பித்தது கவிழ்ப்பதையும் குழப்புவதையும் பற்றிய சொற்கள். தமிழ் விளக்கம் கொடுக்க ரீச்சருக்கு மட்டும் அனுமதி உண்டு.

“தேத்தண்ணிக் கோப்பையைத் தட்டி ஊத்தினா அப்செற். ஆளின்ர மனசைக் குழப்பினாலும் அப்செற்தான். கூட்டத்தைக் குழப்பினா டிஸ்ரப்ற். உயரமா நிண்டது சரிஞ்சு விழுந்தா ரொப்பிள். அரசாங்கத்தை விழுத்தினா ஓவர்துறோ, ஆனா அதை மேசைக்குச் சொல்லக்கூடாது. மேசையை, வண்டிலைப் புரட்டினா ஓவர்ரேர்ண். மேல்கோர்ட்டு கீழ்க்கோர்ட்டின்ர தீர்ப்பை மாத்தினாலும் அதே சொல்தான். கப்சைஸ் எண்டது வள்ளத்துக்கும் கப்பலுக்கும். சோத்துப்பானை கப்சைஸ் ஆகாது.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அன்று வேண்டுமென்றே ஜெனோசனுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன்.

தயாளினி தன் மாமியார் கலியாணப் பந்தியைக் குழப்பியதைச் சொன்னாள். அடுத்தது ஜெனோசனின் முறை. என்னைக் கடைக்கண்ணால் பார்த்தான். அவன் வாய் ஓரத்தில் ஒரு சிரிப்பு வந்தது. எழும்பி நின்று, வீட்டில் பாடமாக்கியவன் போலச் சொன்னான்: அல்பேர்ட்டின் வள்ளம் தானாகக் கப்சைஸ் ஆகியது.

“வெரி குட்” என்றா ரீச்சர். வகுப்பு முழுவதும் அதை உரத்துச் சொன்னது. என் அண்ணனுக்கு எதிரான பொய்யை இத்தனை வாய்கள் ராகம் இழுத்துச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் அவனைக் கதிரையோடு தூக்கிக் களப்பில் போட்டிருப்பேன்.

ஆனால் கேள்வி கேட்கும் முறை என்னுடையது. எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலிஷில் கேட்டேன். “ஏன்?”

“அவன் குடி” என்றான். ரீச்சர் திருத்தினா. வகுப்பு அதையும் சொன்னது.

“அப்ப நீ எங்கே?”

“நான் தண்ணீருக்குள்.”

“தண்ணீருக்குள் நீ என்ன செய்தாய்?”

தமிழில் என்றால் அவனை மடக்க முடியாது. சங்கத்தில் எத்தனையோ தரம் சொல்லிச் சொல்லி அந்தக் கதையை வழுக்கிக்கொண்டு ஓடுமாறு வைத்திருந்தான். இங்கிலிஷில் அவனிடம் கதை இல்லை, நாலைந்து சொற்கள்தான் இருந்தன. “ஐ கோ… ஐ கோ நியர்…” என்றான். சொல்லுக்காகத் தடுமாறுகிறவனின் புத்தி முழுவதும் சொல்லில்தான் இருக்கும். சட்டப்படி அவனுடைய கைகள் எழும்பின.

இரண்டு உள்ளங்கைகளையும் மேலே விரித்து, ஏதோ ஒன்றின் விளிம்புக்கு அடியில் கொடுத்தான். முழங்காலை மடித்துத் தோளையும் முட்டுக் கொடுத்தான். கீழிருந்து மேலே ஒரு எத்து. பிறகு இரண்டு கைகளையும் மற்றப் பக்கமாகப் புரட்டிப் போட்டான்.

ரீச்சருக்கும் அந்த நேரத்தில் சொல்லில்தான் புத்தி. “ஆ, ஓவர்ரேர்ண். நான் வள்ளத்தைப் புரட்டினேன் எண்டு சொல்லோணும்” என்று அந்த வசனத்தை இங்கிலிஷில் எடுத்துக் கொடுத்தா. தேடிய சொல் கிடைத்த ஆறுதலில் அவன் அதை அப்படியே சொன்னான். வகுப்பும் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்து பாதி வசனம்வரை போனது. பிறகு ஒவ்வொரு குரலாக அடங்கியது.

“ஜெனோசன்…” என்றா ரீச்சர்.

அவன் தன் கைகளைப் பார்த்தான். உடனே தமிழுக்கு மாறினான். “இல்லை ரீச்சர், இது வேற. தூக்கிக் காப்பாத்தினதைத்தான் காட்டினனான்.”

“ஆரையடா தூக்கினனீ?”

கேட்டது நான் இல்லை. வாசலில் றோசம்மா எழும்பி நின்றாள். அவளுக்கு இங்கிலிஷில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் அவள் புருஷன் சாகும்வரை களப்பில் தொழில் செய்தவன். வள்ளத்துக்கு எந்தக் கை என்ன செய்யும் என்று அவளுக்கு ஆரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

“அல்பேர்ட்டைத்தான் அம்மா.”

“கவிழுற வள்ளத்தைக் காப்பாத்திறவங்கள் மேல எழும்பின பக்கத்தைப் பிடிச்சு அமத்துவாங்கள். நீ விளிம்புக்கு அடியில தோள் குடுத்து எத்திறாய். ஆரைத் தூக்கினனீ?”

“அம்மா, வீட்டை போய்க் கதைப்பம்.”

“நான் அந்தோனியாரின்ர காலில கை வச்சனான்” என்றாள் றோசம்மா. அவ்வளவுதான். இழைத்த பெட்டியைக் கூட எடுக்காமல் போய்விட்டாள்.

எனக்கு அவள்மேல் இரக்கம் வரவில்லை. வந்தது என்று சொன்னால் பொய். தன் மகன் யோக்கியன், என் அண்ணன் குடிகாரன் என்று கிணற்றடியில் கத்தியவள் அவள். ஆனாலும் அந்தக் கிழமை முழுவதும் எனக்கு நித்திரை இல்லை. ஒரு தாய் வாயை மூடிக்கொண்டால் எல்லாம் முடிந்தது. வகுப்புக்காரரில் எவரும் சங்கத்துக்கு வரத் தயாராக இல்லை. ரீச்சரிடம் கேட்டேன். “என்னைக் கூப்பிடாதீங்கோ, கம்சா. நாங்க திரும்பி வந்து கடை போட்ட ஆக்கள்” என்று தலையைக் குனிந்தா. கோபம் வந்தது. திட்டாமல் திரும்பி வந்தேன்.

ஞாயிறு பூசை முடியக் கூட்டம் தொடங்கியது. தலைவர் நடராசா தொண்டையைச் செருமி, “அல்பேர்ட்டின்ர விசயம்” என்றார். ஜெனோசன் கைகளைக் கட்டிக்கொண்டு முன்னால் இருந்தான். அண்ணன் வரவே இல்லை.

றோசம்மா பின்னாலிருந்து நடந்து வந்தாள். அன்றைக்குச் சத்தியம் செய்த வலக்கையைத் தலைவருக்கு முன்னால் நீட்டினாள்.

“இந்தக் கை பொய்க்குச் சத்தியம் பண்ணினது. வள்ளத்தைக் கவிழ்த்தது இவன். காலமை சுரூபத்தடியிலயும் போய்ச் சொல்லிப்போட்டு வாறன். அழுகினா அழுகட்டும்.”

ஜெனோசன் எழும்பிப் போனான். எவரும் அவனை மறிக்கவில்லை. அண்ணனின் மறிப்பை எடுக்கச் சங்கத்துக்கு ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரமும் பிடிக்கவில்லை.

வெளியே போய் நான் றோசம்மாவின் கையைப் பிடித்தேன். உதறினாள்.

“தள்ளி நில்லடி. உனக்காகவோ உன்ர கொண்ணனுக்காகவோ நான் வரேல்லை. என்ர பிள்ளை இனி வீட்டை வரமாட்டான். உன்ர முகத்தில இனி நான் முழிக்கக்கூடாது.”

அன்று பின்னேரமும் வகுப்புக்குப் போனேன். ஜெனோசன் வரவில்லை. றோசம்மா எல்லோருக்கும் கதிரை போட்டிருந்தாள், எனக்கு மட்டும் போடவில்லை. சுவரோடு சாய்ந்து நின்றேன். என் முறை வந்தது. உண்மையாக ஒரு வசனம் சொல்லுங்கோ என்றா ரீச்சர்.

என் அண்ணன் இன்றைக்குக் களப்பில் நிற்கிறான் என்று இங்கிலிஷில் சொன்னேன். பிழை இருக்கவில்லை. வகுப்பு முழுவதும் உரத்துச் சொன்னது. வாசலில் ஓலை இழைத்துக்கொண்டிருந்த றோசம்மா, இங்கிலிஷ் தெரியாதவள், அல்பேர்ட் என்ற பெயரையாவது பிடிக்கக் காதைக் கொடுத்துக் கேட்டாள். நான் அந்தப் பெயரைச் சொல்லாமல் அண்ணன் என்றுதான் சொல்லியிருந்தேன். அவள் திரும்பவும் குனிந்து இழைத்தாள்.