அவர் எங்கே இருக்கிறார்

மலேசியாவில் பெடாஸுக்கு உள்ளே இருக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில், எண்ணெய்ப் பனையின், பழக்குலைகளை லோரியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது திருச்செல்வம் விழுந்தார். கூட வேலை செய்த வங்காளதேசத்துத் தொழிலாளிகள் அதே லோரியில் கிடத்தி அவரை ரெம்பாவ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரி. மூளையில் ரத்தக்கசிவு, அறுவை செய்யும் நிலையில் இல்லை என்றார் டாக்டர்.

அவருக்கும் மனைவி தனலெட்சுமிக்கும் பிள்ளைகள் இல்லை. உண்டானவை எதுவும் தங்கவில்லை. கடைசிக் கருவும் கலைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு பெண் தனலெட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுது ஜெபித்தாள். தனக்காக வேறொருவர் அழுது தனலெட்சுமி அதுவரை பார்த்ததில்லை. மறு வருஷம் செனாவாங்கில், கடைவீட்டு மாடியில் நடந்த ஒரு சின்னச் சபையில் ஞானஸ்நானம் எடுத்தாள்.

திருச்செல்வம் தடுக்கவில்லை. ஞாயிறுதோறும் அவரே மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுவார்.

"ஒரு தடவ உள்ள வாங்களேன்," என்பாள்.

"உனக்கு நிம்மதி கெடைக்குதில்ல, போதும். என்ன இழுக்காத லா."

வீட்டில் ஒரு சுவரில் அவருடைய முனியாண்டி, எதிர் அலமாரியில் அவளுடைய பைபிள். வெள்ளிக்கிழமை விளக்கேற்ற அவர் மறந்தால் அவள் ஞாபகப்படுத்துவாள், ஏற்றமாட்டாள். அப்படியே வருஷங்கள் ஓடின.

திருச்செல்வம் நினைவில்லாமல் கிடந்த ஆஸ்பத்திரிக்குச் சபையின் பாஸ்டர் சந்திரன் வந்தார். தனலெட்சுமியைவிட வயதில் சிறியவர். "அவருக்குக் கேக்கும் சிஸ்டர், பேசுங்க," என்றார்.

அவள் குனிந்தாள். "என்னங்க, இயேசப்பா பேர ஒரு தடவ சொல்லுங்க. மனசுக்குள்ள சொன்னாலும் போதும். சொன்னா என் கைய அமுக்குங்க."

பெரிய, காய்ப்புப் பிடித்த அந்தக் கை அவள் கைக்குள் கிடந்தது. அவள் காத்திருந்தாள். நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்று சொல்லும்வரை காத்திருந்தாள். மறுநாள் காலையில் அவர் போய்விட்டார்.

காரியங்களை அவர் தம்பி நல்லசாமி நடத்தினார். "அண்ணி, ஒங்க வழக்கப்படி நீங்க ஜெபம் பண்ணிக்கங்க. எங்க வழக்கப்படி நாங்க அண்ணன அனுப்புறோம்," என்றார். நல்லவிதமாகத்தான் சொன்னார். வாய்க்கரிசி போட அழைத்தபோது தனலெட்சுமி அசையாமல் நின்றாள். சொந்தக்காரப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வாசலில் போட்ட கூடாரத்துக்கு வெளியே நின்ற சபைப் பெண் ஒருத்தி வந்து, "உறுதியா நின்னீங்க சிஸ்டர்," என்று முதுகைத் தட்டிக்கொடுத்தாள். அவர்கள் முகம் திருப்பியதைவிட இதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

அதன்பிறகு அவளால் ஜெபிக்க முடியவில்லை. முட்டி போடுவாள், "பிதாவே" என்பாள், மேலே ஒன்றும் வராது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே இருந்தாள்.

பாஸ்டர் தேடிக்கொண்டு தோட்டத்து வீட்டுக்கே வந்தார். தேத்தண்ணி கொடுத்துவிட்டு அவள் கேட்டாள்: "அவரு இப்ப எங்க இருக்காரு பாஸ்டர்?"

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். "கர்த்தர் நீதியுள்ளவர் சிஸ்டர். அவர் கையில விட்ருவோம்."

"அது தெரியும். எங்க இருக்காருன்னு கேட்டேன். நீங்க மோட்சத்தப் பத்திப் பிரசங்கம் பண்றப்பல்லாம் நான் சந்தோஷமா ஆமென் சொல்லிருக்கேன். இப்ப அங்க போனா அவரு இல்லாம நான் என்னா பண்ணுவேன்? இப்படி நெனைக்கிறது பாவமா?"



"எங்கப்பாவும் அப்படித்தான் போனாரு அக்கா," என்றார் பாஸ்டர். முதல் தடவையாக அக்கா என்றார். "நான் ஊழியத்துக்கு வந்தப்புறம். கடைசிவரைக்கும் நெத்தியில திருநீறோட. நானும் கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். எனக்கு யாரும் சொல்லல."

ஜெபிக்கலாம் என்று கண்ணை மூடினார். அவருக்கும் வார்த்தை வரவில்லை.

மறு ஞாயிறிலிருந்து அவர் வேன் அனுப்பினார். அவளும் போனாள். பரலோகத்தைப் பற்றிய பாட்டு வந்தால் மட்டும் வாயை மூடிக்கொண்டு நின்றாள். யாரும் கவனிக்கவில்லை.

செத்தவர்களுக்காக ஜெபிக்கக் கூடாது என்று சபையில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒரு சாயங்காலம் சோறு வடித்துவிட்டு அவள் அடுப்படியிலேயே முட்டி போட்டாள். எதையும் கேட்கவில்லை. தெரியாத ஊருக்குப் போனவரைப் பற்றி அங்கே இருப்பவரிடம் சொல்வதுபோல் சொன்னாள்.

"அவருக்கு வலது காது மந்தம். கூப்புடறதா இருந்தா கிட்டப் போய்க் கூப்புடுங்க. மொதல்ல வரமாட்டேன்னுதான் சொல்லுவாரு. கூச்சம். ரெண்டு மூணு தடவ கூப்புடணும்."

இது ஜெபமா என்று அவளுக்குத் தெரியவில்லை. அதனால் ஆமென் சொல்லவில்லை. பதில் ஏதாவது வருமா என்று தலையைக் குனிந்தபடி இருந்தாள். முழங்கால் மரத்துப்போனதும் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள்.