கீழ ஆளிருக்கா?

விடியற்காலை ஐந்தரைக்கே ஏழுமலை மின்கம்பத்தின் பாதி உயரத்தில் இருந்தான். இரவெல்லாம் பெய்த மழையில் மரம் ஊறிப்போயிருந்தது. இடுப்புப் பெல்ட் வழுக்கியது. ரப்பர் கையுறைக்குள் விரல்கள் விறைத்துவிட்டன. கீழே, றக்வான மலையின் பனிக்குள், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயன்கள் நான்கு நாளாக இருட்டில் கிடந்தன.

அறுந்த கம்பியை எட்டுமுன், பதினொரு வருடப் பழக்கத்தில் வாய் தானாகத் திறந்தது.

"கீழ ஆளிருக்கா?"

"இருக்கேன்."

கம்பத்தடியில் நிற்கும் கூட்டாளி சுதாகரனின் குரல். சுதாகரனை மண்ணில் போட்டு நேற்றோடு நாற்பது நாள்.

குனிந்து பார்த்தான். கம்பத்தடியில் பனியும் அட்டை ஊரும் புல்லும்தான் இருந்தன.

அந்தக் கேள்வி வெறும் பேச்சல்ல. ரோட்டு லைனை நிறுத்தினாலும், தேயிலைத் தோட்டத்து பெக்டரியில் ஜெனரேட்டரைப் போட்டால் கரண்ட் திரும்பி இந்தக் கம்பியில் ஏறிவிடும். கீழே நிற்பவன் ஜெனரேட்டர் அறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, பெக்டரி வாசலில் ஒரு கண் வைத்த பிறகுதான் 'இருக்கேன்' என்பான். அதைக் கேட்காமல் மேலே இருப்பவன் கம்பியைத் தொடமாட்டான். எந்தப் புத்தகத்திலும் இல்லாத சட்டம் அது.

மின்சாரத் துறையைக் கூறுபோட்டுக் கம்பனிகளிடம் கொடுத்தார்கள். ஒருவன் ஏறுகிறான், இன்னொருவன் சும்மா நிற்கிறான் என்று கண்டுபிடித்தது புதிய கம்பனி. பெரிய கண்டுபிடிப்புத்தான்! நிற்கும் வேலையை ஒழித்து, இருவரையும் தனித்தனியே ஏற அனுப்பியது. இதே கம்பத்தில் சுதாகரன் தனியாக ஏறினான். கொழுந்து கெட்டுப்போகிறதே என்று பெக்டரியில் யாரோ ஜெனரேட்டரைப் போட்டார்கள். அந்த நேரம் ஏழுமலை கொடகவெலயில் வேறொரு கம்பத்தில் இருந்தான். 'ஆளிருக்கா' என்று சுதாகரன் கேட்டிருப்பானே என்ற நினைப்பு ஏழுமலையை ஒருநாளும் தூங்கவிட்டதில்லை.

ஏழுமலை கம்பியைத் தொடாமலே இறங்கிவிட்டான்.

ஏழு மணிக்குக் கம்பனி வண்டி வந்தது. ஓட்டி வந்தவர் மர்சூக். இறங்கியவர் பொறியியலாளர் பிருந்தாபன், யாழ்ப்பாணத்துக்காரர்.

"ஏன் இறங்கினீர்?"

"கீழ ஆளில்ல சேர்."

"ஜெனரேட்டரை நீரே நிப்பாட்டிப்போட்டு ஏறலாம்தானே? சுதாகரன் கவனமா இருந்திருந்தா ஒண்டும் நடந்திராது."

"அவன் நிப்பாட்டிப் பூட்டிட்டுத்தான் ஏறுனான் சேர். பெக்டரியில இருந்த மத்த சாவியால தொறந்து போட வந்தவங்கள தடுக்கத்தான் ஆளில்ல."

கொழுந்து பறிக்க மலைக்குப் புறப்பட்ட பெண்கள் கூடைகளோடு கூடிவிட்டார்கள். பிருந்தாபன் அவர்கள் பக்கம் திரும்பினார்.

"உங்கட பிள்ளையள் நாலு நாளா இருட்டில இருக்குதுகள். இவர் ஏறமாட்டாராம். கேளுங்கோ!"

ஏழுமலை தலை குனிந்துகொண்டான். நேற்று அவனிடம் வெளிச்சம் கேட்டுக் கெஞ்சியவர்கள் இவர்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள் மதுரா, சுதாகரனின் மனைவி.

"எங்க லயத்துல வெளக்கெரிய இன்னொருத்தி தாலியறுக்கணுமா சேர்? நாங்க இருட்டுல இருந்துக்கிறோம். ரெண்டு பேரா அனுப்புங்க."

பிருந்தாபன் அவளைப் பார்க்காமல் ஏழுமலையிடம் சொன்னார். "ஏறும். இல்லாட்டி பெல்ட்டைக் கழட்டி வைச்சிட்டு வீட்ட போம். இந்த வேலைக்கு பெல்மதுளையில நூறு பேர் நிக்கினம்."

பெல்ட் போனால் சோறு போகும். ஆனாலும் ஏழுமலை அதைக் கழற்றிக் கம்பத்தடியில் வைத்தான்.

மர்சூக் வந்து வண்டிச் சாவியை அதன்மேல் வைத்தார்.

"நீர் டிரைவர். உமக்கென்ன?"

"சுதாகரன்ட மையத்த நான்தான் சேர் இந்த வண்டியில ஏத்துனேன். இன்னொரு தரம் ஏத்த ஏலா. கொடகவெல, பெல்மதுளை லைன் ஆக்களுக்கும் தனிய ஏற வேணாண்டு நேத்தே போய்ச் சொல்லிட்டேன். அவங்களும் ஏற மாட்டாங்களாம்."

பிருந்தாபன் போனை எடுத்தார். கரண்ட் இல்லாததால் டவரும் செத்துக் கிடந்தது. சிக்னல் தேடித் தூறலில் நனைந்தபடி ரோட்டில் இறங்கி நடந்தார்.

நாளை வேலைநீக்கக் கடிதம் வரும். பொலிஸும் வரலாம். லயன்களில் இன்னும் வெளிச்சம் இல்லை. ஆனால் ஒருத்தியும் மலைக்குப் போகவில்லை.

ஏழுமலை கம்பத்தின் உச்சியை அண்ணாந்து பார்த்தான். அவனையறியாமல் வாய் முணுமுணுத்தது.

"கீழ ஆளிருக்கா?"

"இருக்கோம்," என்றாள் மதுரா. பிறகு மர்சூக். பிறகு எல்லோரும்.

அத்தனை குரல்களுக்குள்ளும் ஏழுமலை ஒரு குரலைத் தேடினான். அது இல்லை. நாற்பது நாளில் அன்றுதான் அவன் வாய்விட்டு அழுதான்.