மூடிக்கும் தோத்திரம்

சாட்சி சொல்கிறவர்கள் முன் பெஞ்சில் வந்து உட்கார வேண்டும் என்று போதகர் சொல்லியிருந்ததால் தோத்திரக்கா அங்கே உட்கார்ந்திருந்தாள். பேருக்குத்தான் உட்கார்ந்திருந்தாள். தலையில் போட்டிருந்த துணியின் நுனியை இழுத்துக் கட்டுப் போட்ட இடது கையை மூடுவாள். கை வியர்க்கும். துணியை எடுத்துவிடுவாள். எடுத்த உடனே பக்கத்திலிருப்பவர்கள் பார்க்கிறார்களோ என்று மறுபடியும் மூடுவாள். செருப்பில்லாத கால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது.

"அண்ணி, கொஞ்சம் ஆடாம இருங்க. எல்லாரும் பாக்குறாங்க," என்று பின் வரிசையிலிருந்து நாத்தனார் கிசுகிசுத்தாள்.

ரொட்டிக் கம்பெனி முதலாளி சொல்லிக்கொடுத்ததை அவள் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். என் கவனக்குறைவால் விபத்து நடந்தது. ஆண்டவர் என் உயிரைக் காத்தார். முதலாளி ஐயா என்னைத் தகப்பனைப் போலக் கவனித்துக்கொண்டார். எல்லாவற்றுக்கும் நன்றி. அவ்வளவுதான். பள்ளிக்கூடப் பிள்ளைகூடத் தடுமாறாமல் சொல்லிவிடும். அவளுக்கு மட்டும் முதல் வரியே ஓடவில்லை. கடைசி வரி அதைவிட மோசம்.

அவளுடைய அம்மா அந்த மாதிரி ஜெபத்தை வீட்டுக்குள்ளேயே விட்டதில்லை. சாயங்கால ஜெபத்தில் பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தில், "எல்லாத்துக்கும் தோத்திரம், ஆமென்" என்று எழுந்துவிடப் பார்த்தால் காதைப் பிடித்து உட்கார வைப்பாள். "மொத்த வியாபாரமா பண்ற? அவர் ஒண்ணொண்ணாத்தானே குடுத்தார்? ஒண்ணொண்ணா பேர் சொல்லு." அப்படித் தொட்டில் பழக்கமாக வந்ததுதான். ரொட்டிக் கம்பெனியில் அடுப்பு பற்றினால் தோத்திரம், போன கரண்ட் திரும்பினால் தோத்திரம், மாவுத் தூசியில் வந்த தும்மல் நின்றால் தோத்திரம். கூட வேலை செய்கிறவர்கள் கேலியாக வைத்த பெயர் அவளோடு ஒட்டிக்கொண்டது. சம்பளம் தாமதமான ஒரு மாதம்கூட, வாசலில் முதலாளியின் கார் நின்றதைப் பார்த்து, "வந்துட்டார், தோத்திரம்" என்றாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அவள் வேலை உருளை மெஷினில். பிசைந்த மாவை உருட்டி இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே தள்ள வேண்டும். அந்தப் பக்கம் அது தகடாக வந்து விழும். உருளைகளுக்கு முன்னால் ஓர் இரும்பு மூடி இருந்தது. நாலு மூலையிலும் போல்ட் போட்டு முறுக்கியது. மாவு போகும் அளவுக்குத்தான் அதன் அடியில் இடுக்கு. கை போகாது. ஆனால் மாவு அதில் அப்பிக்கொள்ளும். சுரண்டி எடுக்க மெஷினை நிறுத்த வேண்டும். புது ஆர்டர்கள் வந்து குவிந்த சமயத்தில், "நிறுத்தி நிறுத்தி எடுத்தா எப்ப முடிக்கிறது?" என்று முதலாளி மூடியைக் கழற்றச் சொன்னார். கழற்றிய மூடி ஸ்டோர் ரூமில் மாவு மூட்டைகளுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தது. வேலை வேகமாகத்தான் நடந்தது, அவளுடைய இரண்டு விரல்கள் மாவோடு உள்ளே போகும்வரை.

முதலாளியைக் குறை சொல்ல முடியாது என்றுதான் சபையில் எல்லோரும் சொன்னார்கள். தன் காரிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். செலவையும் அவரே ஏற்றுக்கொண்டார். போன வாரம் பழப்பையோடு வீட்டுக்கும் வந்தார். இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, அவள் கையைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துப் பேசினார்.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சும்மா. ஞாயித்துக்கிழமை நன்றிக் கூட்டம். நீ எழுந்து நாலு வார்த்தை சாட்சி சொல்லணும். நன்றி சொல்றதுதானே நமக்கு அழகு?"

"சொல்றேங்கய்யா," என்றாள். அது அவளுக்குத் தெரிந்த வேலை. பிறகு மெல்ல, "ஐயா, அந்த மெஷின்ல இப்ப இவளத்தான் போட்டிருக்காங்க. அந்த மூடிய மட்டும்..." என்று நாத்தனாரைக் காட்டினாள்.

"எல்லாம் பாத்துக்கலாம். முதல்ல ஆண்டவருக்குச் சேர வேண்டியது சேரட்டும்."

அவர் போனதும் நாத்தனார் பழங்களைக் கழுவிக்கொண்டே, "தலைப்பாகையாம்ல? கடையில வாங்கிக்கலாமா அண்ணி?" என்றாள். தோத்திரக்காவின் வீட்டுக்காரர் அதே கம்பெனியில் வேன் ஓட்டுகிறவர். "வாய மூடு. மூணு பேர் சாப்பாடு அங்கதான் இருக்கு," என்று தங்கையை அதட்டினார்.

அன்றிலிருந்து நாத்தனார் வேலை முடிந்து படியேறும்போதெல்லாம் தோத்திரக்கா அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. கைகளைத்தான் பார்த்தாள். பகலெல்லாம் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. வேன் சத்தம் தெருவில் கேட்டால் அடுப்பை விட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடினாள்.

"நம்ம சகோதரி இப்ப சாட்சி சொல்வாங்க," என்றார் போதகர்.

எழுந்தாள். மைக் உயரமாக இருந்தது. யாரோ வந்து இறக்கிவிட்டார்கள். முன் வரிசையின் ஓரத்தில் முதலாளி கண்ணை மூடித் தலை குனிந்திருந்தார்.

"என்னோட..." என்று தொடங்கினாள். அடுத்த வார்த்தை வரவில்லை. சரி, கடைசி வரியையாவது சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம் என்று, "எல்லாத்துக்கும்..." என்றாள். அதுவும் வரவில்லை. அம்மா காதைப் பிடித்த மாதிரி இருந்தது. கட்டுப் போட்ட கையைத் தன்னையறியாமல் உயர்த்திப் பார்த்தாள்.

"மிச்சமிருக்கிற விரலுக்குத் தோத்திரம்," என்றாள்.

"தோத்திரம்," என்றது சபை. அந்தச் சத்தம் கேட்டதும் அவளுக்கு வழி திறந்துவிட்டது.

"இந்தக் கட்டைவிரலுக்குத் தோத்திரம். இது இருக்கிறதால வாளிய தூக்க முடியுது. என் நாத்தனாரோட காலுக்குத் தோத்திரம். மெஷின நிறுத்துற சுவிட்ச் அந்தக் கோடியில, அடுப்புக்குப் பின்னால இருக்கு. இவ ஓடிப்போய் அணைச்சா. கால் தடுக்கியிருந்தா என் கை முழுசும் போயிருக்கும்."

"தோத்திரம்."

"ஐயாவோட காருக்குத் தோத்திரம். சீட்டெல்லாம் ரத்தமாயிடுச்சு. ஒரு வார்த்தை சொல்லல. அந்த நல்ல மனசுக்குத் தோத்திரம்." இதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. உண்மையான கண்ணீர்தான் அது. முதலாளி கைக்குட்டையை எடுத்தார்.

"அப்புறம் அந்த மூடி. உருளைக்கு முன்னால இருந்த இரும்பு மூடி. வேலை சீக்கிரம் நடக்கணும்னு கழட்டினாங்க. ஆனா யாரும் தூக்கிப் போடல. ஸ்டோர் ரூம்ல மாவு மூட்டைக்குப் பின்னால பத்திரமா இருக்கு. நாலே நாலு போல்ட்டுதான், நாளைக்கே மாட்டிடலாம். அது தொலையாம இருக்கிறதுக்கும் தோத்திரம்."

பழக்கத்தில் பாதிச் சபை தோத்திரம் என்றது. மீதிப் பாதி நிறுத்திக்கொண்டது. ஒரு பெஞ்ச் கிறீச்சிட்டது. போதகர் அவசரமாகப் பாட்டு நம்பர் சொன்னார்.

வெளியே வாசலில் முதலாளி எல்லோரிடமும் கை கொடுத்துக்கொண்டிருந்தார். அவளிடம் சிரித்து, "மனசைத் தொட்டுட்டம்மா," என்றார். வீட்டுக்காரரின் தோளில் கை வைத்து, "வேன் ஒழுங்கா ஓடுதில்ல?" என்று மட்டும் கேட்டார்.

தெரு திரும்பும்வரை வீட்டுக்காரர் முன்னால் நடந்தார். பிறகு நின்று, "நன்றி சொல்லச் சொன்னா வழக்கு தாக்கல் பண்ணிட்டு வந்திருக்க," என்றார்.

"நான் ஒருத்தரையும் குத்தம் சொல்லலையே. இருக்கிறதுக்குத்தானே நன்றி சொன்னேன்?"

"இருக்கிறதெல்லாம் சபையில சொல்லணுமா? நாளைக்கு நம்ம மூணு பேரையும் வெளிய போன்னா எதுக்குத் தோத்திரம் சொல்லுவ?"

அவள் துணியை இழுத்துக் கையை மூடிக்கொண்டாள். வேகமாக நடந்தாள். ஏன் வேகமாக நடக்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. கம்பெனிக்குள் நுழையும்போதே ஸ்டோர்காரர் எதிரில் வந்து, "அக்கா, உன் மூடிய நேத்து சாயங்காலமே ஐயா ஆள் விட்டு எடுத்துட்டுப் போனாரு," என்றார்.

"கேட்டியா?" என்று நாத்தனாரின் முழங்கையைப் பிடித்தாள் தோத்திரக்கா. இருவரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி உருளை மெஷினிடம் ஓடினார்கள்.

உருளைகள் திறந்தபடியே இருந்தன. முன்னால் ஒன்றும் இல்லை.

"இங்க வாம்மா," என்று முதலாளி கூப்பிட்டார். பேக்கிங் மேசைக்கு மேலே சுவரில் புதுப் பலகை ஒன்று மாட்டியிருந்தது. வெள்ளைப் பெயிண்ட் அடித்து நீல எழுத்தில் 'கர்த்தருக்கு நன்றி' என்று எழுதியிருந்தது. பெயிண்ட் இன்னும் முழுசாகக் காயவில்லை. நாலு மூலையிலும் போல்ட் ஓட்டைகள். அவற்றின் வழியாகவே ஆணி அடித்திருந்தார்கள். கீழ் விளிம்பில் பழைய மாவு காய்ந்து கெட்டியாக, பெயிண்டுக்கு அடியில் புடைத்துக்கொண்டிருந்தது.

"ராத்திரி பூரா உன் சாட்சியத்தான் நெனைச்சுக்கிட்டிருந்தேன்," என்றார் முதலாளி. அவர் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. "இது மூலையில கிடக்க வேண்டிய பொருளில்ல. எல்லார் கண்ணுலயும் படட்டும். இனிமே நீ மெஷின் பக்கம் போக வேண்டாம். இதுக்குக் கீழ உக்காந்து லேபிள் ஒட்டு, ஒரு கை போதும். சம்பளத்துல குறைக்க மாட்டேன். சந்தோஷம்தானே?"

வீட்டுக்காரர் வேன் பக்கத்தில் ரொட்டித் தட்டைத் தூக்கியபடி அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தோத்திரங்கய்யா," என்றாள்.

பேக்கிங் மேசையிலிருந்து உருளை மெஷின் நேராகத் தெரிந்தது. நாத்தனார் கையைத் துடைத்துக்கொண்டு மாவை எடுத்தாள். சுவிட்சைப் போட்டதும் மேசை அதிர்ந்தது. நாத்தனாரின் கை மாவோடு உருளைவரை போனது, திரும்பியது. தோத்திரக்காவின் உதடு அசைந்தது. கை மறுபடி போனது, திரும்பியது. உதடு மறுபடி அசைந்தது. கை போயிருக்கும்போது அவள் லேபிளை ஒட்டாமல் பிடித்தபடியே இருந்தாள்.

"என்னக்கா, வேலைய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ஜெபமா?" என்று பக்கத்திலிருந்தவள் சிரித்தாள்.

அவள் திரும்பவில்லை. நாத்தனாரின் கை மறுபடி உருளைவரை போயிருந்தது.