பதினோராவது பை

இரண்டு கிலோ கத்தரிக்காய், ஒரு முழுப் பூசணிக்காய், அதற்கு மேல் சின்ன வெங்காயம். இவ்வளவையும் நான் தைத்துக் கொடுத்த பையில் சுமந்துகொண்டு மார்க்கெட்டிலிருந்து நடந்து வந்தான் குப்புசாமி. என் வீட்டு வாசலில் நின்று, பையைத் தூக்கி, அதன் அடியை விரல் முட்டியால் தட்டிக் காட்டினான். “பாத்தியா சாமுவேலு, எம்மாஞ் சுமை வச்சாலும் தொங்கலபா. பலகை மாதிரி இருக்குது. உள்ள இன்னாதான் வச்சித் தச்ச?”

நான் முப்பத்திரண்டு வருஷம் காஞ்சிபுரம்–தாமல் பேருந்தில் கண்டக்டர். ஐம்பத்தைந்து பேர் ஏறும் வண்டியில் ஐந்நூறு பேரை ஏற்றி, அதில் பாதிப் பேருக்கு உட்கார இடமும் பிடித்துக் கொடுத்தவன். தாமல் ஏரி நிரம்பி வழிந்த வருஷம் பேருந்தைப் படகாக ஓட்டிக்கொண்டு வந்தோம். முன் சீட்டிலிருந்து ஒரு கிழவர் கெளுத்தி மீன்கூடப் பிடித்தார். இதைக் கேட்டு நம்பாதவர் இந்தத் தெருவில் கிடையாது. அப்படிப்பட்ட வாய் அன்றைக்கு இரண்டு வார்த்தையோடு நின்றது. “தொழில் ரகசியம்” என்று மட்டும் சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டே தன் வீட்டுக்குப் போனான். பையின் அடியில் இருந்தது, நான்கு வருஷத்துக்கு முன்னால் காலமான அவன் மனைவி காமாட்சியம்மாள் தன் கையால் துளை போட்ட அட்டைகள். அவள் போட்டது என்று அப்போது எனக்குத் தெரியாது; அவன் வாசலில் கேட்காமல் எடுத்தது என்று தெரியும்.

பை தைக்கும் பைத்தியம் நான் ஓய்வு பெற்ற மறுமாதம் பிடித்தது. “வூட்ல குந்திக்கினு என்னாண்ட டிக்கெட் கேக்காத. எதனா வேலை பண்ணு” என்று என் மனைவி செல்லியம்மாள் தன் தையல் மிஷினைத் தள்ளிவிட்டாள். மிதித்தேன். ஒரு வாரத்தில் இங்கிலாந்து ராணியே வந்து ஆர்டர் கொடுத்திருப்பாள், வயதாகிவிட்டது பாவம். புதுத் துணியாக ஒரு முழம்கூட நான் வாங்கியதில்லை. வெளிப்பக்கத்துக்கு, பேருந்து நிலையத்துக்கு வெளியே குவித்துப்போட்டு விற்கிற பழைய ஜீன்ஸ். உள்பக்கத்துக்கு, கல்யாணம் முடிந்து கிழித்துப் போட்ட ஃப்ளெக்ஸ் பேனர். பையைத் திறந்தால் யாரோ ஒரு மாப்பிள்ளை உள்ளேயிருந்து உங்களைக் கைகூப்பி வரவேற்பார். பிடிக்கு, காயலான் கடையில் எடுத்த கார் சீட் பெல்ட். ஒரே ஒரு பைக்கு மட்டும் என் பழைய கண்டக்டர் பையின் தோல்வாரை வைத்துத் தைத்தேன். அது குப்புசாமிக்கு. இரண்டு வீடு தள்ளி முப்பது வருஷமாகத் தறி போடுகிறவன், என் கதைகளை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்டுச் சிரிக்கிறவன்.

எல்லாம் சரியாக வந்தது, அடி மட்டும் தொங்கியது. சாப்பாட்டுக் கடை அட்டைப்பெட்டியை வெட்டி வைத்தால் ஒரு தயிர்ப் பாக்கெட்டுக்கே ஊறிப்போனது. இந்தக் கவலையில் நான் துரும்பாக இளைத்துக்கொண்டிருந்தபோது போகி வந்தது.

விடிந்தும் விடியாத நேரம். தெரு முழுக்க டயர் புகை. கிழிந்த பாய், உடைந்த முறம் என்று வீட்டுக்கு வீடு வாசலில் கிடந்தன. குப்புசாமி வீட்டு வாசலில் ஒரு சாக்கு. வாயைப் பிரித்துப் பார்த்தேன். ஜக்கார்டு அட்டைகள், நூலில் கோத்து மடித்து மடித்து வைத்திருந்தது. தறிக்கு மேல் மாலைபோலத் தொங்கி, ஒவ்வொன்றாகத் திரும்பி, எந்த இழை எழவேண்டும் எது படுக்கவேண்டும் என்று தன் துளைகளால் சொல்லுமே, அந்த அட்டை. இந்த ஊர் நாய்க்குட்டிக்கும் அது என்னவென்று தெரியும். எனக்குத் தெரியாதா? ஆனால் போகியன்று வாசலுக்கு வந்த பொருள் நெருப்புக்குச் சொந்தம். நெருப்பிடமிருந்து நான் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே குப்புசாமி இருமினான். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டும் என்று சொல்லிவிடுவானோ என்றுதான் கேட்கவில்லை.

பைக்கு ஆறு அட்டை வீதம் பதினோரு பை. அட்டை பையின் அகலத்தைவிடக் கொஞ்சம் நீளம். எதற்குப் பின் எது என்று நுனியில் பென்சிலால் வரிசை எண் போட்டிருந்தது. கோணல்மாணலான, அழுத்தி எழுதிய எண்கள். அந்த நுனிகளைத்தான் கத்தரித்தேன். வெந்நீர் அடுப்பு பற்றவைக்க ஒரு வாரத்துக்கு வந்தது. மீதி அட்டைகளைச் சாக்கோடு கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். பைகளைத் தெருவுக்கும் சர்ச்சுக்கும் தானம் செய்தேன். சுற்றுவட்டாரத்தில் நாற்பது கிராமங்களில் என் புகழ் பரவியது. சரி, நான்கு.

மாசியில் குப்புசாமியின் மகள் அகிலாவுக்கு வரன் அமைந்தது. கல்யாணச் சேலையைத் தானே நெய்வது என்று குப்புசாமி உட்கார்ந்தான். முந்திக்கு மனைவி போட்ட டிசைன். படுக்கையில் விழுவதற்கு முன் வருஷம் தானே கட்டம் வரைந்து, தானே அட்டை குத்தி, “இது என் பொண்ணுக்கு” என்று கட்டி வைத்தாளாம். ஒரு சேலைகூட அதில் நெய்ததில்லை. வரைந்த தாளைக் கரையான் தின்றுவிட்டது. அட்டைதான் மிச்சம்.

அந்த அட்டையைத் தேடிக் கிடைக்காத அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டுச் சத்தம் என் மிஷின் சத்தத்தைத் தாண்டிக் கேட்டது. அவன் மகன் உதயகுமார், “வெள்ளையடிக்கணும்னு சாமானெல்லாம் வாசல்ல வச்சேன்பா. நெருப்புல போடல. சத்தியமா போடல” என்றான்.

“வாசல்ல வச்சது காலு மொளச்சி நடந்து பூட்ச்சா? உங்கம்மா கண்ணு வலியோட குத்துனதுடா! பாவி, கொளுத்திட்டியேடா!”

கால் முளைக்கத்தான் செய்தது. என் கால். பெடலில் அப்படியே நின்றுவிட்டது.

மறுநாள் உதயகுமார் துணிமணியை எடுத்துக்கொண்டு, வேலை செய்கிற ஸ்ரீபெரும்புதூருக்கே போய்விட்டான். நாலு பேரோடு ரூமில் இருக்கிறானாம். அப்பனும் மகனும் பேசுவதில்லை.

“போய்ச் சொல்லுய்யா” என்றாள் செல்லி. பைகளையெல்லாம் திரும்ப வாங்கி, அட்டைகளை மொத்தமாகச் சேர்த்துக்கொண்டு போய்ச் சொல்கிறேன் என்றேன். அதற்கு மட்டும் என் வாய் நன்றாக வேலை செய்தது. பாதிரியார் வீட்டம்மாவிடம், பையின் அடியில் பூரான் ஒன்று குடும்பம் நடத்துவதாகச் சொன்னேன். பால்காரரிடம், பையை மியூசியத்தில் கேட்கிறார்கள் என்றேன். ஏனாத்தூரில் படிக்கிற ஒரு பெண்ணிடம், அதில் ஊசி ஒன்றை விட்டுவிட்டேன், எந்த நேரமும் குத்தும் என்றேன். பாவம், அவள் பையைத் தரையில் போட்டுவிட்டு ஓடினாள். பத்துப் பைகள் திரும்பி வந்தன, அடியைப் பிரித்து அட்டைகளைச் சாக்கில் சேர்த்தேன். செல்லி அவற்றை எண்ணவில்லை. “பொய் சொல்ல ஏனாத்தூரு வரிக்கும் ஓடுற. நெசம் சொல்ல ரெண்டு வூடு தாண்ட முடியல, இல்ல?” என்றாள். பத்தொன்பது நாள் தாண்ட முடியவில்லை. இதில் மிகை எதுவும் இல்லை.

நிச்சயதார்த்தத்தன்று அகிலா எனக்கு வெற்றிலைத் தட்டு நீட்டினாள். அவள் கண் வாசலிலேயே இருந்தது. “அண்ணன் வரல மாமா” என்றாள். “நீங்க சொன்னா கேக்கும். நீங்க பேசினா சிரிச்சிரும்.”

மறுநாள் காலை சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன். குப்புசாமி தறியில் உட்கார்ந்திருந்தான். சேலை உடல் முடிந்து, அரக்குச் சிவப்பு முந்திக்காகக் காத்து நின்றது. கடையில் வாங்கிய வேறு டிசைன் அட்டை மூலையில் பிரிக்காமல் கிடந்தது.

“அந்தப் பையைக் குடு குப்பு.”

“ஏம்பா, எங்கனா பிரிஞ்சிக்கிச்சா?” என்று ஆணியிலிருந்து எடுத்துக் கவிழ்த்தான். இரண்டு எலுமிச்சம்பழம் உருண்டு தறிக்குழிக்குள் விழுந்தன.

பிளேடை எடுத்து அடித் தையலை அறுத்தேன். என் தையல் அவ்வளவு கெட்டி. ஒவ்வொரு இழையாக அறுக்க வேண்டியிருந்தது. பேனர் மாப்பிள்ளையின் கைகூப்பு இரண்டாகப் பிரிந்து, உள்ளேயிருந்து ஆறு அட்டைகள் வந்தன. அவற்றை அவன் மடியில் வைத்தேன். சாக்கை அவன் காலடியில் இறக்கினேன். “போகி அன்னிக்கி நான்தான் எடுத்தேன். உதயா போடல” என்றேன். என் ஆயுளில் நான் பேசிய மிகச் சிறிய கதை அதுதான்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. சாக்கையும் பார்க்கவில்லை. மடியிலிருந்த அட்டைகளின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவினான். எண்ணைத் தேடுகிறான் என்று தெரிந்தது. எண் இருந்த இடத்தில் என் கத்தரி போன கோடுதான் இருந்தது.

“எல்லாத்தயும் வெட்டிட்டியா?”

“அறுவத்தாறு. மீதி அப்படியே இருக்குது.”

ஆறு அட்டைகளையும் அவன் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினான். நான் பேசிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. பிறகு ஒரு அட்டையை எடுத்துக்கொண்டு வாசற்படிக்குப் போனான். “அவனுக்குப் போனு போடு” என்றான், முதுகைக் காட்டிக்கொண்டே. “நீயே சொல்லு. என்னாண்ட சொன்ன மாதிரியே சொல்லு. கூட ஒரு வார்த்தை சேர்க்காத.”

போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

குப்புசாமி அட்டையை வெயிலுக்கு நேராகப் பிடித்தான். அவன் பனியன்மேல் வட்ட வட்டமாக வெளிச்சம் விழுந்தது, காமாட்சியம்மாள் போட்ட வரிசையில். அட்டையை மெல்ல நகர்த்தினான். வட்டங்களும் நெஞ்சின்மேல் நகர்ந்தன. ஓரத்தில், என் ஊசி போட்ட பொடித் துளைகளின் வெளிச்சமும் அவற்றின் கூடவே ஊர்ந்தது; வெட்டிய இடத்தோடு வரிசை முடிந்தது. காதில் மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.