வாரத்துக்கு ஒன்று

மாதவிலக்கு நின்று ஏழாண்டுகள் கடந்திருந்த தையற்காரம்மா, குளியலறையில் ஒருமுறை வழுக்கி விழுந்த நாள்முதல் ஈரத்தரையைக் கண்டாலே நடுங்கினாள். எலும்புக்கென மருத்துவர் எழுதித்தந்த வைட்டமின் டி மாத்திரையே இனித் தன்னைத் தாங்கும் என்று நம்பினாள்.

மாத்திரை அட்டையைப் பார்த்த நாத்தனார் திடுக்கிட்டாள்.

"அண்ணி, வாரத்துக்கு ஒண்ணுதானே? எட்டு நாள்ல எட்டும் காலி!"

"பயம் தினமும் வருதே, மாத்திரை மட்டும் வாரம் ஒருதரம் வந்தாப் போதுமா?"

"நல்லா இருக்கு உங்க நியாயம்! அளவு மீறினா அதுவே ஆளைக் கீழ தள்ளிடும். கிளம்புங்க டாக்டர்கிட்ட."

தையற்காரம்மா காலி அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். ஊன்றுகோலென நம்பியதே இடறுகல் ஆயிற்றே! வாசற்படி மலைபோல் எதிரே நின்றது. நாத்தனாரின் தோளை இறுகப் பற்றிக்கொண்டு, ஒரு காலை எடுத்து வெளியே வைத்தாள்.