பார்சலில் ஒரு தேங்காய் மூடி

தபால் நிலையக் கவுண்டரில் இருந்த பெண்மணி பார்சலைத் தராசில் வைத்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினாள்.

"உள்ள இன்னாம்மா? ஒடையற சாமான், தண்ணி, எண்ணெய், அழுகற பொருள், ஏதாச்சும் இருக்குதா?"

"ஒண்ணும் இல்ல மேடம். பட்டுப்பொடவ மட்டும்தான்" என்றாள் தேவிப்ரியா.

"பொடவைக்கு இந்த கனமா?"

வரிசையில் பின்னால் நின்ற சரிகை வியாபாரி அஹமது பாஷா, "கனமா இருந்தா நல்ல பொடவ மேடம். லேசா இருந்தாதான் நீங்க சந்தேகப்படணும்" என்றார். அவர் கையில் ஒரு துணிப்பை நிறையச் சின்னச் சின்ன பாக்கெட்டுகள் இருந்தன. வெளியூர்த் தறிக்காரர்களுக்குச் சரிகை மாதிரிகளை அனுப்ப அடிக்கடி வருகிறவர் அவர். கவுண்டர்காரம்மா சிரித்துக்கொண்டே ஸ்பீடு போஸ்ட் ரசீதைக் கிழித்துக் கொடுத்தாள்.

தேவிப்ரியா பொய் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்தவரை அந்தப் பெட்டியில் ஒரு முகூர்த்தப் புடவை மட்டுமே இருந்தது. அரக்கு நிற உடல், மயில்கழுத்துப் பச்சைக் கரை. நாக்பூரில் இருக்கும் ஜீவிதா என்ற பெண் வீடியோ காலில் புடவை புடவையாகப் பார்த்துக் கடைசியில் தேர்ந்தெடுத்தது. தறியில் அதை நெய்தது தேவிப்ரியாவின் கணவன் அருள். நெய்வது அவன் வேலை, ஃபோனில் படம் போட்டு விற்பதும் அனுப்புவதும் அவள் வேலை. திங்கட்கிழமை விடியற்காலை முகூர்த்தம். இன்று புதன். சனிக்கிழமைக்குள் போய்விடும் என்று கவுண்டரில் சொன்னார்கள்.

அவள் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து வீட்டுக்குத் திரும்பியபோது மாமியார் ரேணுகாம்பாள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"அனுப்பிட்டியா தேவி? ஆட்டம் ஆடி உருளாம போவணுமே. அதான் மடிப்பு மேலயே வெச்சி, துணிய இறுக்கி முடிச்சி போட்டேன்."

"எத அத்த?"

"தேங்கா மூடிதான். காலைல அம்மன் கோயில்ல அர்ச்சன பண்ணதாச்சே. ஒரு மூடி நமக்கு, ஒரு மூடி பொண்ணுக்கு. ரெண்டு பழம், வெத்தல பாக்கு, குங்குமம். எல்லாம் வெச்சிதான் டேப்பு ஒட்டினேன்."

தேவிப்ரியாவுக்கு அப்போதுதான் புரிந்தது. காலையில் புடவையை வெள்ளைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு அவள் குளிக்கப் போயிருந்தாள். வந்து பார்த்தபோது பெட்டி ஒட்டித் தயாராக இருந்தது. மாமியார் உதவி செய்திருக்கிறாள் என்று மகிழ்ந்துபோய்த் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

ரேணுகாம்பாள் செய்ததில் வஞ்சகம் ஏதுமில்லை. அந்த வீட்டிலிருந்து முகூர்த்தப் புடவை வெறுமனே போனதில்லை. பெண் வீட்டார் நேரில் வந்து வாங்கும்போதெல்லாம் தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை, குங்குமத்தோடுதான் அவள் எடுத்துக் கொடுப்பாள். இந்தப் பெண் நேரில் வரவில்லை, தபாலில் கேட்கிறாள். அதற்காக அவளுக்கு மட்டும் குறை வைக்கலாமா? அவள் நினைத்தது அவ்வளவுதான்.

"பட்டு மேலயா வெச்சீங்க அத்த? தேங்கா எண்ணெய் விடும். பழம் நசுங்கும். மூணு நாள் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கிக்கினு போற பை அது."

ரேணுகாம்பாளின் முகம் மெல்ல மாறியது. பட்டைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோயிலைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்ததில் பட்டை மறந்திருந்தாள். தேவிப்ரியாவின் நாக்கு நுனியில் கடுமையான ஒரு சொல் வந்து நின்றது. அதைச் சொல்லக்கூட நேரமில்லை. ரசீது பர்சில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே தெருவுக்கு ஓடினாள்.

ஷேர் ஆட்டோ ஊர்ந்தது. யாராவது கை காட்டினால் நின்றது, காட்டாவிட்டாலும் நின்றது. அவள் ஃபோனில் பார்சல் எண்ணைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். தபால் பை கட்டியாயிற்று என்று ஒரு வரி வந்திருந்தது.

கவுண்டர்காரம்மா அவள் சொன்னதை முழுக்கக் கேட்டாள். "வண்டி எடுத்துக்கினு போயிடுச்சேம்மா."

"நீங்க கேட்டப்ப நான் தெரிஞ்சி சொல்லல மேடம்."

"தெரிஞ்சி சொன்னேன்னு நான் சொல்லலியே. அழாத. அனுப்பினவங்க திருப்பிக் கேட்டா வாங்கிக்கலாம், அதுக்கு வழி இருக்குது. தபால் பிரிக்கற சார்ட்டிங் ஆபீஸ்ல பூவராகவன் சார் இருப்பாரு. சென்னை வண்டி கெளம்பறதுக்குள்ள போயி எழுதிக் குடு. அங்கயே புக்கிங் கவுண்டர் இருக்குது, சரி பண்ணித் திரும்பவும் அதே வண்டியில ஏத்திடலாம். வண்டி கெளம்பிடுச்சுன்னா அவ்வளவுதான்." சொல்லிக்கொண்டே அவருக்கு ஃபோன் போட்டாள்.

அஹமது பாஷாவின் பாக்கெட்டுகளில் பாதிகூட இன்னும் முடியவில்லை. அவர் பையைக் கவுண்டர் மேலே வைத்தார்.

"மேடம், இது எங்கயும் ஓடிப் போவாது, நீங்க போட்டுக்கினே இருங்க. வாம்மா, ஸ்கூட்டர் வெளிய நிக்குது."

"உங்க வேல கெடுமே பாய்."

"கனமா இருந்தா நல்ல பொடவன்னு சர்டிபிகேட் குடுத்தவன் நான்தானே. வந்து ஏறு."

மூங்கில் மண்டபத்தைத் தாண்டுவதற்குள் மேளச் சத்தம் கேட்டது. எதிரே உற்சவர் புறப்பாடு. குடையும் தீவட்டியுமாகத் தெருவை அடைத்துக்கொண்டு வந்தது. அஹமது பாஷா ஸ்கூட்டரை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தார். வேறு நாளாக இருந்தால் தேவிப்ரியா செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருப்பாள். இன்று அவள் சுவாமியைப் பார்க்கவில்லை, ஃபோனில் மணியைப் பார்த்தாள். பார்த்ததற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது. அந்தக் கோபம் அங்கிருந்து மாமியார்மேல் தாவியது. வீட்டுக்குப் போனதும் என்னென்ன சொல்ல வேண்டும் என்று வரிசையாக மனத்தில் அடுக்கினாள்.

"அவரும் டைமுக்குப் போய்ச் சேர வேணாமா? போவட்டும்" என்றார் அஹமது பாஷா. கூட்டம் கொஞ்சம் நகர்ந்ததும் ஒரு சந்துக்குள் வண்டியைத் திருப்பினார்.

நம் அவசரத்தில் கூடவே ஓடி வருகிற ஒருவரைக் கடவுள் எங்கிருந்தாவது அனுப்பிவிடுகிறார். அவரை அடையாளம் கண்டுகொள்ளத்தான் நமக்கு அப்போது நிதானம் இருப்பதில்லை. தேவிப்ரியாவுக்கும் அன்று இருக்கவில்லை. சீக்கிரம் பாய், சீக்கிரம் பாய் என்று அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

சார்ட்டிங் ஆபீஸ் முற்றத்தில் சென்னை வண்டி பின்கதவு திறந்தபடி நின்றது. பூவராகவன் மூக்குக்கண்ணாடியைச் சட்டைப் பொத்தானில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"தேங்காய் பார்சல் நீங்கதானா? தேங்காய்க்குன்னு இன்னும் ஸ்டாம்பு போடலியேம்மா நாங்க."

அவளால் சிரிக்க முடியவில்லை. ரசீதை நீட்டினாள், ஃபோனில் ஆதாரைக் காட்டினாள், அவர் சொன்னபடி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவசரத்தில் கையெழுத்து வேறு யாருடையதோ போல விழுந்தது.

"நாக்பூர் பார்சல் சென்னை பையிலதான் இருக்கும். அந்தப் பைய வண்டியில ஏத்தியாச்சு" என்று பூவராகவன் வண்டியைப் பார்த்தார். டிரைவர் ஸ்டியரிங்மேல் கையை வைத்துக்கொண்டு முனகினார்.

"சார், வழியெல்லாம் ட்ராபிக். லேட்டானா என்னத்தான் கேப்பாங்க."

"நான் பேசிக்கறேன்பா. கல்யாணப் பொடவையாம். எறங்கி ஒரு கை புடி."

பை இறங்கியது. முத்திரையைப் பிரித்து, உள்ளே இருந்ததையெல்லாம் தரையில் பரப்பினார்கள். தேவிப்ரியா உள்ளே போகக்கூடாது. கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா, தாயே என்று தொடங்கினாளே தவிர, வேண்டுதல் அதற்கு மேல் நகரவில்லை. அம்மனுடைய தேங்காயை எடுத்துவிட அம்மனிடமே எப்படி வேண்டுவது என்று குழப்பமாக இருந்தது.

"இந்தா, கெடச்சுது" என்றார் டிரைவர். பெட்டியின் ஒரு மூலை ஏற்கெனவே ஈரமாகியிருந்தது.

பூவராகவன் மேசையைத் துடைத்துக் கொடுத்தார். தேவிப்ரியா பிளேடால் டேப்பைக் கீறி, துணி முடிச்சை அவிழ்த்தாள். பழங்களில் ஒன்று நசுங்கி வெற்றிலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. நல்லவேளையாக வெற்றிலை அதைப் பட்டில் படாமல் தாங்கியிருந்தது. குங்குமப் பொட்டலம் பிரியவில்லை. தேங்காய் மூடி மட்டும் கவிழ்ந்து கிடந்தது. எடுத்துப் பார்த்தாள். கெட்டிச் சரிகை போட்ட முந்திக்குப் பக்கத்தில், அரக்குப் பட்டின்மேல், பாதி நிலவு வடிவில் ஈரத் தடம்.

அஹமது பாஷா கைக்குட்டையை மடித்து மெதுவாக ஒற்றி எடுத்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "சரிகைக்கு ஒண்ணுமில்ல. தண்ணி காஞ்சிடும். எண்ணெ இருக்குது பாரு, அது மட்டும் கொஞ்சம் நெழலு மாதிரி நிக்கும்."

"தொடச்சி மடிச்சி வெச்சிடுமா" என்றார் டிரைவர். "கல்யாணக் கூட்டத்துல எவன் பாக்கப் போறான்? அப்புறமா கேட்டா, வழியில ஆச்சுன்னு சொல்லிடு."

அந்த யோசனை அவளுக்குப் பிடிக்காமல் இல்லை. உள்ளே திருப்பி மடித்தால் தடம் தெரியாது. வழியில் ஆயிற்று என்றால் பழி பூவராகவன் மேலோ, இதோ நிற்கிற டிரைவர் மேலோ, முகம் தெரியாத யாரோ ஒரு தபால்காரர் மேலோ போய் விழும். தனக்காகப் பையைப் பிரித்துத் தரையில் பரப்பியவர்கள் அவர்கள். அவள் ஜீவிதாவின் எண்ணை அழுத்தினாள்.

மூன்று முறை அழைத்த பிறகுதான் அந்தப் பெண் எடுத்தாள். பின்னால் யாரோ அவளிடம் வளையல் அளவு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஜீவிதா, நான் காஞ்சிபுரத்துலருந்து பேசறேம்மா. பொடவையில ஒரு தப்பு நடந்துபோச்சு." எதையும் குறைக்காமல் சொன்னாள். "நீ வேணாம்னா நான் அனுப்பல. வேற எது கைவசம் இருக்குதோ அத இப்பவே படம் போடறேன். அதுல எது புடிச்சிருக்குன்னு சொல்லு."

டிரைவர் எஞ்சினை முடுக்கிவிட்டுக் காத்திருந்தார்.

"வீடியோல காட்டுங்கக்கா."

காட்டினாள். அஹமது பாஷா புடவையைத் தூக்கிப் பிடித்தார்.

"இன்னும் கிட்ட. எந்த ஓரம் அது? தோள்ல போடறப்ப உள்பக்கமா வருமா?"

"உள்பக்கம்தான். ஆனா நல்லா பாத்தா தெரியும்மா. தெரியாதுன்னு நான் சொல்ல மாட்டேன்."

"நான் மடிப்பு எடுத்து பின் குத்திதான் கட்டப் போறேன். அதுக்குள்ள போயிடும். எனக்குக் கஷ்டமாத்தான் இருக்குக்கா, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா வேற பொடவை வேணாம். இதைப் பாத்து பாத்து மனசுல கட்டிட்டேன். அனுப்பிடுங்க."

"சரிம்மா."

"அந்தத் தேங்காய் யார் வெச்சது?"

"எங்க அத்த. முகூர்த்தப் பொடவ வெறுமனே போவக்கூடாதுன்னு."

ஜீவிதா முதல்முறையாகச் சிரித்தாள். "எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா தேங்காயையும் சேத்து அனுப்பச் சொல்வாங்க. குங்குமம் காய்ஞ்சு இருந்தா அதை மட்டும் வைங்கக்கா."

குங்குமத்தைப் பழைய காகிதப் பொட்டலத்தோடு வைக்கப் பயமாக இருந்தது. அஹமது பாஷா சட்டைப் பையிலிருந்து, சரிகை மாதிரிகளைப் போட்டு அனுப்புகிற சின்ன பிளாஸ்டிக் கவர் ஒன்றை எடுத்தார். பொட்டலத்தை அவர் தொடவில்லை. கவரின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டார். அவளே உள்ளே போட்டாள். அவர் அழுத்தி மூடி, இழுத்துப் பார்த்து, "இது தொறக்காது" என்றார். பூவராகவன் ஆபீஸ் அலமாரியிலிருந்து ஒரு காய்ந்த பெட்டியைக் கொண்டுவந்தார். புடவையைத் தடம் காற்றில் உலரும்படி தளர மடித்து, கவரைப் பெட்டியின் மூலையில் தனியாக ஒட்டி, மீண்டும் எடை போட்டு, புது ரசீது வந்து, பை கட்டி, வண்டி கிளம்பியது. டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "சனிக்கெழம போய்டும்மா" என்றார். அது அவர் கையில் இல்லை. ஆனாலும் சொன்னார்.

வண்டி தெரு திரும்பும்வரை தேவிப்ரியா பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு வீட்டுக்கு ஃபோன் செய்தாள். முதல் மணியிலேயே ரேணுகாம்பாள் எடுத்தாள். ஃபோனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"கெடுத்துட்டனா தேவி?"

ஸ்கூட்டரில் வரும்போது அடுக்கிவைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் அப்படியே இருந்தன. அவற்றில் ஒன்றைக்கூட எடுக்க மனம் வரவில்லை. பொய் சொல்லித் தேற்றவும் வரவில்லை.

"முந்தி பக்கத்துல ஒரு கறை நிக்குது அத்த. பொண்ணு பாத்துட்டுதான் அனுப்பச் சொல்லிச்சு. குங்குமத்த மட்டும் கேட்டு வாங்கிக்கிச்சு."

"அந்தப் பொண்ணு நம்பரு குடு."

"எதுக்கு அத்த? நான்தான் பேசிட்டேனே."

"தப்பு பண்ணவ நானு. நீ சொன்னா போதுமா? குடு."

எண்ணை அனுப்பினாள். அஹமது பாஷா அவளைத் தெருமுனையில் இறக்கிவிட்டு, கவுண்டரில் காத்திருக்கும் தன் பாக்கெட்டுகளைத் தேடிக் கிளம்பினார். அவரிடம் சொல்ல வேண்டியது அவளுக்கு நிறைய இருந்தது. "பாய்" என்று மட்டும் சொன்னாள். அவர் கையை அசைத்துவிட்டுப் போய்விட்டார்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்றாள். உள்ளே தறிச் சத்தம் நின்றிருந்தது. அருள் தறியில் உட்கார்ந்தபடியே அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரேணுகாம்பாள் நடு அறையில் ஃபோனைக் காதில் அழுத்திக்கொண்டு, மறு கையால் தன் சொந்தப் புடவையின் முந்தியை மடித்து மடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். நாக்பூரில் இருப்பவளுக்கு அது தெரியாது என்பது அவளுக்கு நினைவில்லை.

"எண்ணெ தடத்துல மொதல்ல தண்ணி படக்கூடாது கண்ணு. பவுடர தூவி ஒரு நா விடு. தேய்க்காத, ஊதி எடு. அப்புறமா மடிப்ப இப்படி புடிக்கணும்..."

"அத்த" என்றாள் தேவிப்ரியா.

ரேணுகாம்பாள் திரும்பாமலே, கொஞ்சம் சும்மா இரு என்று கையைக் காட்டினாள்.