சகலை வாங்கிய பெட்டி

பெரிய ஹோட்டல் ஒன்றின் முகப்புக் கூடத்தில் இருபத்தாறு வருடங்களாக அக்கார்டியன் வாசித்துவந்தவரைப் பெட்டிக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். மார்பில் மாட்டித் துருத்தியை இழுத்து வாசிக்கிற அக்கார்டியன், வாசிக்கிறவர்கள் வாயில் எப்போதும் பெட்டிதான். வாரத்தில் செவ்வாய் ஒரு நாள் அவருக்கு ஓய்வு. அன்றைக்கும் வீடு தங்கமாட்டார். பஸ் பிடித்து, பழைய வாத்தியங்கள் விற்கிற கடைக்குப் போய்விடுவார். ஆறு வாரமாக அங்கே ஒரு பெட்டி அவரைக் கட்டிப்போட்டிருந்தது.

அது லேசுப்பட்ட பெட்டி இல்லை. மேதை என்று ஊரே கொண்டாடிய ஒருவர், சாகிறவரைக்கும் பதினேழு வருடம் மார்பில் சுமந்தது. மேதையின் மகள் கையெழுத்துப் போட்ட கடிதமும், அவர் அதோடு மேடையில் நிற்கிற போட்டோவும் கடைக்காரம்மாவிடம் இருந்தன. போட்டோவில் தெரிகிற கீறல் பெட்டியிலும் அதே இடத்தில் இருந்தது. பெட்டிக்காரர் அந்த மனிதரை ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறார். இருபது வயதில், கடைசி வரிசையில், ஒரு தூணுக்குப் பின்னாலிருந்து எட்டி எட்டி. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் தன்னுடைய பெட்டியை இரண்டு நாள் திறக்கவே இல்லை.

கடைக்காரம்மா நல்ல மாதிரி. வாங்குகிற ஆள் இல்லை என்று தெரிந்தும் கால்மணி நேரம் வாசிக்க விடுவார். விலைச்சீட்டு குப்புறத் தொங்கியது. பெட்டிக்காரர் அதைத் திருப்பிப் பார்த்ததில்லை. பார்த்துவிட்டால் அப்புறம் எந்த முகத்தோடு வருவது?

"இப்பேர்ப்பட்ட ரீடு நான் தொட்டதே இல்லம்மா. துருத்திய சும்மா இழுத்தாலே பாடுது" என்பார், வாராவாரம்.

சும்மா இருந்திருக்கலாம். சந்தோஷம் தாங்காமல் மனைவியிடம் சொன்னார். அவள் போனில் தங்கையிடம் சொன்னாள். தங்கை தன் புருஷனிடம் சொன்னாள். அந்தச் சகலை ஒரு பல் டாக்டர். நல்ல வரும்படி, நல்ல மனசு, ஐம்பதைத் தாண்டியபிறகு எதையாவது கற்றுக்கொண்டே ஆகவேண்டும் என்கிற துடிப்பு. முந்தின வருடம் குதிரையேற்றம், போன வருடம் பானை வனைவது.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

"அண்ணா, அந்த மேதையோட பெட்டிய நான் வாங்கலாம்னு இருக்கேன். எனக்கு அதுல ஒண்ணும் தெரியாது. நீங்க கூட வந்து வாசிச்சுப் பாத்து, நல்லதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும்."

"அதுக்கென்ன, வர்றேன்" என்றார் பெட்டிக்காரர். போனை வைத்ததும் வயிற்றுக்குள் ஏதோ பற்றிக்கொண்டது. சோற்றுக்கு உட்கார்ந்தார், இறங்கவில்லை. பானை வனைந்த கை! அந்தக் கை அந்தத் துருத்தியை இழுக்கப் போகிறது!

செவ்வாய்க்கிழமை கடையில் டாக்டர் பெட்டியின் முன்னால் குனிந்து, யாரோ வாயைத் திறந்து காட்டியதுபோல் கட்டைகளை உற்றுப் பார்த்தார்.

"எல்லாம் மஞ்சள் பூத்திருக்கேண்ணா. எங்க கிளினிக் பவுடர் போட்டுத் தேய்ச்சா பளிச்சுன்னு ஆயிடும்."

பெட்டிக்காரர் வாரில் தோளை நுழைத்தார். சுமாராக வாசித்துக் காட்டுவது என்ற நினைப்போடுதான் வந்திருந்தார். கை கேட்கவில்லை. விரல்கள் கட்டையில் பட்டதும் அதுபாட்டுக்கு ஓடின. இரண்டு நிமிஷம் கழித்து, தன்னைத்தானே பிய்த்தெடுக்கிற மாதிரி நிறுத்திப் பெட்டியை இறக்கிவைத்தார்.

"துருத்தியில காத்துப் போகுது, சகலை. ரீடும் களைச்சுப்போச்சு. வெறும் பேருக்குத்தான் இந்த விலை. பேசாம புதுசா ஒண்ணு எடுத்துக்கங்க."

பக்கத்தில் புல்லாங்குழல்களைத் துடைத்துக்கொண்டிருந்த கடைக்காரம்மா நிமிர்ந்தார்.

"என்ன சார் இது? போன வாரம் வரைக்கும் இப்பேர்ப்பட்ட ரீடு தொட்டதே இல்லன்னீங்க. ஒரு வாரத்துல, எனக்கே தெரியாம களைச்சுப்போச்சா?"

பெட்டிக்காரருக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது. டாக்டர் அவர் முகத்தையே பார்த்தார். வலிக்கவில்லை என்று சொல்கிறவர்களின் முகத்தைப் படித்தே முப்பது வருடம் தொழில் செய்தவர். அவரிடம் எதை மறைப்பது?

"அண்ணா, உங்களுக்கு இது வேணுமா? சொல்லுங்க, நான் விலகிக்கறேன். இல்லேன்னா நானே வாங்கித் தரட்டுமா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இந்தக் கனிவு மேலும் எரிந்தது.

"எனக்கு எதுக்கு? என்கிட்டதான் ஒண்ணு இருக்கே. நீங்க எடுத்துக்கங்க. நல்ல பெட்டிதான். எனக்குத்தான் இன்னைக்குக் காது..." பஸ் வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். பஸ் வர அரைமணி இருந்தது.

டாக்டர் பெட்டியை வாங்கிவிட்டார். கடையில் நடந்ததை யாரிடமும் மூச்சு விடவில்லை. அந்தப் பெருந்தன்மையும் பெட்டிக்காரருக்கு ஆகவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் வீட்டிலேயே கிடந்தார்.

"கடைக்குப் போகலையா?" என்று மனைவி கேட்டாள்.

"அங்க என்ன வச்சிருக்கு?"



மூன்று மாதம் கழித்து டாக்டர் தம்பதிக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் என்று உறவெல்லாம் அவர்கள் வீட்டில் கூடியது. டாக்டர் ஒரு குழந்தைப் பாட்டை மூன்று தப்போடு வாசித்தார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. பெட்டிக்காரர் கட்டைகளைப் பார்த்தார். சொன்னபடியே தேய்த்திருந்தார் மனிதர். விளம்பரப் பல் மாதிரி அத்தனையும் வெள்ளை.

"அண்ணா, நீங்க ஒண்ணு வாசிங்க" என்று டாக்டரே பெட்டியைக் கொண்டுவந்து தோளில் மாட்டிவிட்டார்.

மறுக்க முடியவில்லை, மறுக்க ஆசையும் இல்லை. வாசித்தார். ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகள் நின்றார்கள். தம்ளர்களில் காபி ஆறியது. மூன்று மாதப் புகைச்சலும் சேர்ந்து துருத்தி வழியாக வெளியே போனமாதிரி இருந்தது. இருபத்தாறு வருடத்தில் ஹோட்டலில் ஒருநாளும் அப்படி வாசித்ததில்லை.

முடித்ததும் மாமனார் தொடையில் தட்டினார்.

"மேதையோட பெட்டின்னா சும்மாவா! அவரே வந்து வாசிச்ச மாதிரி இருந்துச்சு."

ஆமாம் ஆமாம் என்று எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். பெட்டியைத் தடவினார்கள், கீறலைக் காட்டிக்கொண்டார்கள். மச்சினி போனை எடுத்தாள். "அத்தான், பெட்டிய அந்த மேசை மேல வச்சுட்டுக் கொஞ்சம் தள்ளிக்கங்களேன், மறைக்குது."

தள்ளிக்கொண்டார். டாக்டர் மேல் இருந்த பொறாமை அந்த நிமிஷம் எங்கோ போய்விட்டது. செத்துப்போன மனிதர் மேல் பிடித்துக்கொண்டது. போய்ச் சேர்ந்தபிறகும் வந்து ஒருவன் கைதட்டலை வாங்கிக்கொண்டு போகிறாரே! இந்தப் பெட்டி தன் கைக்கே வந்திருந்தாலும் இதே கதைதானே நடந்திருக்கும்?

கிளம்பும்போது டாக்டர் வாசல்வரை வந்தார்.

"மூணு மாசமா நானும் இதே பெட்டியத்தான் வாசிக்கறேன். ஒருநாளும் இந்தச் சத்தம் வந்ததில்ல. இவங்க என்னடான்னா பெட்டியப் பாராட்டறாங்க."

பெட்டிக்காரர் நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"கட்டைய ஏன் வெளுத்தீங்க?"

"தப்பாண்ணா?"

"தப்பு. அது அவர் விரல் பட்டுப் பட்டு வந்த மஞ்சள்."

டாக்டரின் முகம் சுண்டிப்போனது. பெட்டிக்காரருக்கு அது கொஞ்சம் இனிக்கத்தான் செய்தது. இனித்ததற்காகக் கூசவும் செய்தது.

"எனக்கு யாரு சொல்லிக்குடுக்கறா?" என்றார் டாக்டர். "செவ்வாய்க்கிழமை உங்களுக்கு ஓய்வுதானே? வந்துடுங்களேன்."

போனார். முதல் அரைமணி டாக்டர் வாசிப்பார், அடுத்த அரைமணி இவர். தன் அரைமணிக்காகத்தான் போகிறோம் என்று அவருக்குத் தெரியும், டாக்டருக்கும் தெரியும். இப்படியே மழைக்காலம் கழிந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை டாக்டர் வழக்கமான தடுமாற்றத்தோடு ஆரம்பித்தார். நடுவில், அவர் அறியாமலே, துருத்தி சரியான இடத்தில் திரும்பியது. ஒரே ஒரு வரி, ஊற்றிய தண்ணீர் மாதிரி விழுந்தது. பெட்டிக்காரர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வயிறு பழையபடி எரிந்தது.

"எப்படிண்ணா இருந்துச்சு?"

எரிச்சல் தணியட்டும் என்று ஜன்னல் பக்கம் பார்த்தார். அது தணிகிறதாக இல்லை.

"நல்லாருந்துச்சு" என்றார். "அந்த வரிய இன்னொரு தடவ வாசிங்க."